வழி கேட்டேனா, கையெழுத்து கேட்டேனா

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பதினஞ்சு நாள் நான் ஒழுங்கா தூங்கவே இல்ல. 11 வருஷம் வேலை பார்த்த இடத்துல எங்க டீமையே மூடிட்டாங்க, கையில இருந்தது ஒரே ஒரு ஆஃபர், அதுவும் வெளிநாட்டுல. நல்ல சம்பளம். ஆனா வீட்டுல அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசம் ஆகியிருந்துச்சு, வலது கையும் காலும் சரியா வரல, ராத்திரி எழுந்திருக்கணும்னா யாராவது தோள் கொடுக்கணும். அந்த யாராவது நான்தான். போறதா இருக்கறதா, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

ஜெபம் பண்ணேன். நிறையவே பண்ணேன். ஆண்டவரே வழி காட்டுங்க, நீங்க போன்னா போறேன் இருன்னா இருக்கறேன்னு தினமும் முழங்கால்ல நின்னு கேட்டேன், கண்ணீரோடதான் கேட்டேன், அதுல பொய் இல்ல. ஆனா எழுந்து வந்து மொபைலை எடுத்தா அந்த ஊர்ல வாடகை வீடு பார்ப்பேன், ஸ்கூல் பார்ப்பேன். "ஆஃபரை ஏத்துக்கறேன்"னு ஒரு மெயில் டைப் பண்ணி டிராஃப்ட்ல வச்சிருந்தேன், தேதி மட்டும் போடல.

சபையில எனக்காக ஜெபிக்கிற ஒரு அக்கா இருக்காங்க, அம்மா வயசு. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன், டிராஃப்ட் விஷயத்தையும் சேர்த்து. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தம்பி, நீ ஆண்டவர்கிட்ட வழி கேக்கலப்பா, கையெழுத்து கேக்கற" அப்படின்னாங்க. எனக்கு கோவம் வந்துச்சு. சரிக்கான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

அடுத்த ரெண்டாவது நாள்னு நினைக்கறேன், வழக்கமா வரிசையா வாசிச்சுட்டு வர்றதுல எரேமியா 41ல இருந்து 43 வரைக்கும் வந்துச்சு. (பைபிளை கண்ணை மூடிட்டு திறந்து விரல் வச்ச இடத்தை ஆண்டவர் சொன்னதா எடுத்துக்கற பழக்கம் எனக்கு ஒரு காலத்துல இருந்துச்சு, இப்ப விட்டுட்டேன், அந்த வசனம் யாருக்கு எதுக்காக சொன்னதுன்னு பார்க்காம நம்ம ஆசைக்கு மாட்டிவிடறது ரொம்ப ஈசி.) எருசலேம் விழுந்ததுக்கு அப்புறம் நடக்கற கதை அது. பாபிலோன் ராஜா வச்ச அதிகாரி கெதலியாவை கொன்னுட்டாங்க, மிச்சம் இருக்கற ஜனங்களுக்கு பழி நம்ம மேல வருமோன்னு உயிர் பயம். தீர்க்கதரிசி எரேமியாகிட்ட வந்து, நாங்க எந்த வழியில நடக்கணும்னு உங்க தேவன்கிட்ட கேட்டு சொல்லுங்க, நல்லதா இருந்தாலும் சரி கெட்டதா இருந்தாலும் சரி அப்படியே செய்றோம்னு கெஞ்சறாங்க. எரேமியா ஜெபம் பண்றார், பத்து நாள் கழிச்சு பதில் வருது. இந்த தேசத்துலயே இருங்க, பாபிலோன் ராஜாவுக்கு பயப்படாதீங்க, நான் உங்ககூட இருக்கேன்னு. அதை கேட்டதும் அவங்க சொன்னது, நீ பொய் சொல்ற. எரேமியாவையும் சேர்த்து இழுத்துக்கிட்டு எகிப்துக்கு போயிட்டாங்க.

இதுவரைக்கும் எனக்கு தெரிஞ்ச கதைதான். அன்னைக்கு கண்ணுல பட்டது 41ஆம் அதிகாரத்தோட கடைசி. அவங்க எரேமியாகிட்ட வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க! எகிப்துக்கு போகணும்னு பெத்லகேமுக்கு பக்கத்துல வந்து தங்கியிருக்காங்க, மூட்டை முடிச்செல்லாம் கட்டி, பாதி வழியில உக்காந்துக்கிட்டுதான் எந்த வழியில போகணும்னு கேட்டிருக்காங்க. எகிப்துக்கு ஏன் போகணும்னா அங்க யுத்தம் இருக்காது, எக்காள சத்தம் கேக்காது, பசி இருக்காதுன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. என் கணக்கும் அதேதான், வார்த்தைதான் வேற. புஸ்தகத்தை மூடி வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன், மொபைல் பக்கத்துலயே இருந்துச்சு, அதுல அந்த டிராஃப்ட்.

அதை அழிச்சேன். அழிச்சது போகக்கூடாதுன்னு முடிவு பண்ணி இல்ல, அது அங்க இருக்கற வரைக்கும் என்னால கேக்க முடியாதுன்னு தெரிஞ்சதால. அன்னைக்கு ராத்திரி ஜெபம் ரொம்ப சின்னது. ஆண்டவரே, எனக்கு போகத்தான் ஆசை, பயமா இருக்கு, அதனால ஆசை, இதை நீங்களே வாங்கிக்கோங்க. அவ்வளவுதான். அத்தனை நாள்ல அதுதான் முதல் உண்மையான ஜெபம்னு இப்பவும் நினைக்கறேன்.

கம்பெனிக்கு எழுதி இன்னும் ஒரு வாரம் டைம் கேட்டேன், கொடுத்தாங்க. அந்த வாரம் வானத்துல இருந்து சத்தம் எதுவும் வரல, கனவு வரல. கிதியோன் மாதிரி ராத்திரி ஆட்டுத்தோல் போட்டு, அதுல மட்டும் பனி நனையுதான்னு ஒரு அடையாளம் கேட்டு பார்க்கலாமான்னு கூட யோசிச்சேன், அப்புறம் நியாயாதிபதிகள் 6ஐ நிதானமா படிச்சா, கிதியோனுக்கு என்ன செய்யணும்னு ஆண்டவர் ஏற்கனவே தெளிவா சொல்லிட்டார், அவனே நீர் சொன்னபடின்னு சொல்லித்தான் தோலை போடறான். அது வழி தெரியாம கேட்டது இல்ல, சொன்னதை நம்ப முடியாம கேட்டது. ஆண்டவர் பொறுமையா ரெண்டு தடவையும் செஞ்சு காட்டினது அவரோட இரக்கம், அதை நாம ஒரு முறையா ஆக்கிக்கறது சரின்னு எனக்கு படல.

அப்ப நான் செஞ்சது ஒரு நோட்டு எடுத்து எழுதினது. இந்த விஷயத்துல வேதம் ஏற்கனவே தெளிவா சொன்னது எதுன்னு ஒரு பக்கம். அப்பா அம்மாவை கனம்பண்றது, குடும்பத்தை கவனிக்கறது, நாளைக்காக கவலைப்படாம இருக்கறது. வெளிநாட்டுக்கு போகாதேன்னு எங்கயும் இல்ல, ஆபிரகாமை 75 வயசுல கிளம்ப சொன்னவரும் அவர்தானே. அதனால போறதே தப்புன்னு என்னால எழுத முடியல, எழுதவும் இல்ல. ஆனா அப்பாவுக்கு ராத்திரி தோள் கொடுக்க யார்னு எழுதற இடம் மட்டும் காலியாவே இருந்துச்சு, மூணு நாள் அந்த நோட்டை திறந்து பார்த்தும் அதுல எழுத எனக்கு ஒரு பேர் கிடைக்கல.

இன்னொண்ணு, என் மனைவிகிட்ட நான் கேக்கவே இல்லங்கறது அப்பதான் உறைச்சது. சொன்னேன், நிறைய சொன்னேன், சம்பளம் விசா எல்லாம். கேக்கல. அன்னைக்கு உக்காந்து, உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டேன். அவ துணி மடிச்சுட்டு இருந்தா, கை நின்னுச்சு. "நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்" அப்படின்னா. அப்பா, நீ போனா பரவாயில்லப்பான்னு என்கிட்ட சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டு, நான் அந்தப்பக்கம் போனதும் இவகிட்ட எத்தனை வருஷம்மான்னு கேட்டிருக்கார்.

போகல. வேண்டாம்னு எழுதிட்டேன். அதுக்கப்புறம் உடனே கதவு திறந்துச்சுன்னு சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனா ஏழு மாசம் வேலை இல்ல. அந்த ஏழு மாசத்துல தப்பா கேட்டுட்டேனோன்னு பல நாள் தோணியிருக்கு. பெர்சிய ராஜாகிட்ட வேலை பார்த்த யூதர் நெகேமியாவோட கதைதான் அப்ப துணை. எருசலேம் மதில் இடிஞ்சு கிடக்குன்னு அவர் கேள்விப்பட்டது கிஸ்லேவ் மாசம், ராஜாகிட்ட வாயை திறந்தது நிசான் மாசம், நடுவுல நாலு மாசம் கிட்ட. ஆனா ராஜா என்ன வேணும்னு கேட்டதும் எத்தனை நாள் ஆகும், யார் யாருக்கு கடிதம் வேணும், மரம் யார்கிட்ட வாங்கணும்னு எல்லாம் தயாரா சொல்றார், அந்த நாலு மாசமும் அவர் அதையே யோசிச்சுட்டுதான் இருந்திருக்கணும். ராஜா கேட்டதுக்கும் இவர் பதில் சொன்னதுக்கும் நடுவுல ஒரு நொடி ஜெபம் வேற. அதனால நானும் அப்பாவோட பிசியோதெரபி நேரம் போக மிச்ச நேரத்துல ஒரு கோர்ஸ் படிச்சேன், விண்ணப்பம் போட்டேன், ஜெபம் பண்ணேன். எட்டாவது மாசம் வீட்டுல இருந்தே பார்க்கற ஒரு வேலை வந்துச்சு, பழைய சம்பளத்தை விட கம்மி. அப்பா இப்ப கைத்தடி பிடிச்சு தானா பாத்ரூம் வரைக்கும் போறார். உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்னு சங்கீதம் 119ல வருதே, அந்த காலத்து தீபம்னா கையில பிடிச்ச சின்ன அகல்தான், அது காலடியை காட்டும், ஊர் எல்லையை காட்டாது. எனக்கு அந்த ஏழு மாசமும் தெரிஞ்சது காலடி மட்டும்தான்.

இதை இப்ப எழுதறதுக்கு காரணம், போன வாரம் இன்னொரு ஆஃபர் வந்திருக்கு. அதே மாதிரி, வெளிநாடு. போன தடவை இருன்னு வந்துச்சு, இப்பவும் இருதான்னு சட்டுனு சொல்லிட கை போகுது. ஆனா 2 சாமுவேல் 5ல தாவீது அதே ரெப்பாயீம் பள்ளத்தாக்குல, அதே பெலிஸ்தருக்கு எதிரா, ஒரு தடவை ஜெயிச்ச அப்புறமும் திரும்ப போய் கேக்கறான், ரெண்டாவது தடவை வந்த பதில் வேற. நேரா போகாதே, பின்னால சுத்திப் போ, மரங்களோட நுனியில இரைச்சல் கேக்கற வரைக்கும் காத்திருன்னு. முதல் பதிலையே எடுத்துட்டு போயிருந்தா நேரா போயிருப்பான்.

மெயிலுக்கு இன்னும் பதில் போடல, டிராஃப்ட்லயும் ஒண்ணும் இல்ல. அப்பாகிட்ட இந்த தடவை முதல்லயே சொல்லிட்டேன். அவர் தூங்கினதும் நானும் அவளும் இன்னைக்கு ராத்திரி சேர்ந்து முழங்கால்ல நிக்கறதா இருக்கோம், முடிஞ்சா நீங்களும் எங்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிச்சுக்கோங்க.