கேப்டன் அவுட் ஆனால் டீம் யார் கையில்?

மார்கழி பாதி தாண்டியதும் பென்னாகரத்திலிருந்து பர்கூர் வரைக்கும் டீக்கடைச் சுவர்களில் பொங்கல் கபடி நோட்டீஸ் ஏறிவிடும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, முதல் பரிசு எவ்வளவு, மேட்டா மண் தரையா என்று நாலு நாள் பேசுகிற டீம், பெயர்ப் பட்டியலில் கேப்டன் இடத்தை நிரப்ப ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. நல்லா ரெய்டு போகிறவன் பெயரை எழுதுவார்கள், இல்லையென்றால் ஜெர்சி எடுத்துக் கொடுத்தவரின் தம்பி பெயரை. வைஸ் கேப்டன் இடம் அடுத்த தெருக்காரனுக்கு, மனஸ்தாபம் வரக் கூடாதே!

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அந்த ரெய்டர் கேப்டனை எதிர் டீம் மடக்கிப் போட்டுவிடும். அவன் வெளியே போய் உட்காருவான். உள்ளே மிச்சமிருக்கிற ஆறு பேரும் ஆறு விதமாகக் கத்துவார்கள்.

கபடியில் கேப்டன் பதவிக்கு இருக்கிற தனிச் சிக்கல் இது. கிரிக்கெட்டில் கேப்டன் டக் அவுட் ஆனாலும் ஃபீல்டிங்குக்கு வந்து நின்று பவுலிங்கை மாற்றுவான். கபடியில் ஆட்டம் சூடாக இருக்கும்போதே அவன் இல்லாமல் போவான், அதுவும் ஒரே மேட்சில் ஐந்தாறு முறை. உள்ளே இருப்பவர்கள் ஆளைத் தொட்டோ பிடித்தோ பாயிண்ட் எடுத்தால்தான் அவனுக்கு உயிர். அதுவும் யார் முதலில் அவுட் ஆனார்களோ அந்த வரிசைப்படி. போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கிற போனஸில் பாயிண்ட் ஏறும், ஆள் திரும்ப மாட்டான். சரி, வெளியில் உட்கார்ந்தே யோசனை சொல்லலாமே என்றால், வெளியிலிருந்து கோச்சோ ஆட்டக்காரரோ அறிவுரை சொல்வது விதிப்படி ஃபவுல். ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதையே பழக்கமாக்கிக்கொண்டு பெரிய போட்டிக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதனால் கேப்டன் ஒருவனைப் பிடித்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கபடி டீமுக்கு மூன்று பேர் கொண்ட தலைமைக் குழு வேண்டும். இந்த ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்து வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே 'ஃபுட்டி' என்று சொல்கிற ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு 18 பேர். கிரிக்கெட் மைதானம் முழுக்க ஆட்டக் களம். கோச் மேலே கேலரியில் ஒரு அறையில் இருப்பார். அவர் சொல்வதை உள்ளே கொண்டுபோக 'ரன்னர்' என்று ஒரு ஆள் உண்டு. 2019லிருந்து, கோல் விழுந்த பிறகுதான் அந்த ரன்னரும் களத்துக்குள் போகலாம் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். ஆக, ஆட்டம் ஓடும்போது தடுப்பு வரிசையில் ஒருவன், நடுக்களத்தில் ஒருவன், முன்வரிசையில் ஒருவன் என்று தானாக முடிவெடுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அதனால்தான் கேப்டனோடு சேர்த்து ஐந்தாறு பேரை 'லீடர்ஷிப் க்ரூப்' என்று சீசனுக்கு முன்னாலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். பல கிளப்புகளில் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போடுகிறார்கள்.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம், டீமின் பெரிய ஆட்டக்காரன் கேப்டனாக இருக்க வேண்டியதில்லை என்பது. மெல்போர்னின் ரிச்மண்ட் கிளப் 2017, 2019, 2020 மூன்று ஆண்டும் கோப்பை வென்றது. மூன்று இறுதிப் போட்டியிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் டஸ்டின் மார்ட்டினுக்கே போனது. கேப்டன் யார்? ட்ரென்ட் காட்சின். மார்ட்டின் தலையில் அந்தச் சுமையை ஏற்றவே இல்லை.

நம் பக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2022 ப்ரோ கபடியில் தமிழ் தலைவாஸ், ரெய்டர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்து கேப்டன் ஆக்கியது. முதல் மேட்சிலேயே அவருக்குக் காயம், சீசனே போச்சு. கேப்டன் பொறுப்பு ரைட் கார்னர் சாகருக்கு வந்தது. அந்த சீசனில்தான் தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. ஃபுட்டியிலும் 2016ல் இதே கதை. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கேப்டன் பாப் மர்ஃபிக்கு சீசன் தொடக்கத்திலேயே முழங்கால் போனது. தடுப்பாட்டக்காரர் ஈஸ்டன் வுட் பொறுப்பேற்றார், 62 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த கிளப்புக்குக் கோப்பை வந்தது. இரண்டு இடத்திலும் அடுத்த ஆள் டீமுக்குள் தயாராக இருந்தான்.

சரி, நம் மூன்று பேர் யார் யார்?

கேப்டனை கார்னர் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவன்) அல்லது கவரிலிருந்து (அவனுக்கு உள்பக்கம் நிற்பவன்) எடுப்பது நல்லது என்பது என் கட்சி. மெயின் ரெய்டர் ஆட்டத்தில் பாதி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான், மீதியில் கணிசமான நேரம் வெளியே இருப்பான். எதிர் டீமுக்கு முதல் குறியே அவன்தான். கார்னரில் நிற்பவன் ஏழு பேரின் நிலையையும் ஓரத்திலிருந்து பார்க்கிறான், பிடியை யார் ஆரம்பிப்பது என்பதும் பெரும்பாலும் அவன் கையில். ஆனால் ஒன்று: ரெய்டர் எட்டிக் காலை நீட்டியதும் யோசிக்காமல் கணுக்காலில் பாய்கிற கார்னராக இருந்தால் அவனும் ரெய்டரைப் போலவே அடிக்கடி வெளியே போவான். அப்படிப்பட்டவனை விட்டுவிட்டு, பொறுமையான கவர் ஆளைப் பாருங்கள்.

இரண்டாவது ஆள் ரெய்டர்களிலிருந்து. மெயின் ரெய்டர் வேண்டாம், இரண்டாவது அல்லது மூன்றாவது ரெய்டர். அவன் வேலை, அடுத்து யார் போவது என்று சொல்வது. ஒரு ரெய்டு முடிந்து அடுத்தது தொடங்க 5 விநாடிதான். 'நீ போ, நான் போறேன்' என்று மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் அது தீர்ந்துவிடும். எம்டி ரெய்டு, அதாவது யாருக்கும் பாயிண்ட் இல்லாமல் முடிகிற ரெய்டு, எத்தனை என்று எண்ணுவதும் இவன் பொறுப்பு. அந்தப் போட்டியில் டூ ஆர் டை உண்டா இல்லையா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். உண்டு என்றால், தொடர்ந்து இரண்டு எம்டி போன பிறகு மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட். இது தெரியாமல் சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, ரெஃப்ரி கை தூக்கியதும் முழிக்கிறவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம்.

மூன்றாவது ஆள் வெளியே உட்கார்ந்திருக்கும் ஐந்து சப்ஸ்டிட்யூட்களில் ஒருவன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். டீம் 12 பேர், அதில் பெஞ்சில் இருக்கிற ஐந்து பேரும் 'நம்மள இறக்க மாட்டாங்க' என்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தால் அந்த டீமில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துவைப்பது, டைம் அவுட் எத்தனை மிச்சம் என்று கணக்கு வைப்பது, ஆளை மாற்றுவது பற்றி கோச்சிடம் சொல்வது இவன் வேலை. ஒரு பாதிக்கு 30 விநாடி டைம் அவுட் இரண்டு. இரண்டையும் முதல் பத்து நிமிடத்தில் காலி செய்துவிட்டு, கடைசியில் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி நடித்து நேரம் கடத்தாதீர்கள்.

இனி தேர்வு. கை தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்கினால் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் ஓட்டு விழும். துண்டுச் சீட்டு கொடுங்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும், தன் பெயரை எழுதக் கூடாது. முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததுக்கு 2, அடுத்ததுக்கு 1. ஃபுட்டியின் பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்துக்கு நடுவர்கள் ஒவ்வொரு மேட்சிலும் இந்த 3-2-1 முறையில்தான் புள்ளி போடுகிறார்கள். கேள்வியையும் சரியாகக் கேளுங்கள். 'யார் கேப்டன் ஆகலாம்' என்று கேட்டால் பழையபடி ரெய்டர் பெயர்தான் வரும். 'நாம் மூன்று பேராகக் குறைந்து நிற்கும்போது யார் குரலைக் கேட்பாய்?' என்று கேளுங்கள். சீட்டை எண்ணுகிறவர் டீமுக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் மாதிரி.

புள்ளியைக் கூட்டியதும் முடித்துவிடாதீர்கள், இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். 12 சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு ஐந்து சீட்டில் 3 புள்ளி, மற்ற ஏழு சீட்டில் பெயரே இல்லை. மொத்தம் 15. இரண்டாவது ஆள் பெயர் ஒன்பது சீட்டில் இருக்கிறது: ஒரு 3, மூன்று 2, ஐந்து 1. மொத்தம் 14. புள்ளிப்படி முதல் ஆள் ஜெயித்துவிட்டான். ஆனால் அந்த ஐந்து சீட்டும் ஒரே தெருவிலிருந்து வந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. அவன் சொந்தச் சீட்டைக் கழித்தால் மீதி ஆறு பேரும் அவன் சொல்வதைக் கேட்கத் தயாராக இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஒன்பது சீட்டில் பெயர் வந்தவன்தான் கேப்டன். புள்ளி நெருங்கி இருந்தால் எத்தனை சீட்டில் பெயர் இருக்கிறது என்பதைப் பாருங்கள். இந்த விதியை ஓட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், எண்ணிய பிறகு சொன்னால் சண்டை.

ஓட்டு விழுந்தாலும் ஒரு தடை இருக்கிறது: ஆள் ஊரில் இருப்பானா? நம் பையன்கள் பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட், கால்வாசிப் பேர் பெங்களூரில். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவன் மாலைப் பயிற்சிக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் முழுசாக வருவான். மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்குப் போகிறவனை மே, ஜூனில் தேடக் கூடாது. அவனைக் குழுவில் வைத்துக்கொள்ளலாம், கேப்டன் ஆக்கினால் பயிற்சி படுத்துவிடும். போட்டிக்கு மட்டும் வெளியூரிலிருந்து கூட்டிவருகிற கெஸ்ட் ப்ளேயர் எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும் இந்த மூன்று இடத்தில் எதையும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் அவன் எதிர் டீமில் நிற்பான்.

மூவரும் அமைந்த பிறகு முதல் வேலை, சொற்களை முடிவு செய்வது. தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கத்து டீம்களில் ஒருவன் வீட்டில் தெலுங்கு, ஒருவன் வீட்டில் கன்னடம். அவசரத்தில் அவனவன் மொழியில் கத்துவான். அதனால் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சொல் போதும். 'கட்டு' என்றால் பிடிக்கப் போகலாம். 'விடு' என்றால் யாரும் கை வைக்கக் கூடாது, ரெய்டர் போகட்டும். 'பின்னு' என்றால் கை கோத்து நிற்கிற செயினோடு எல்லோரும் ஒரு அடி பின்னால். இவற்றை உள்ளே இருப்பவர்களில் ஒருவன் மட்டும்தான் சொல்ல வேண்டும்: கேப்டன் இருந்தால் கேப்டன், அவன் அவுட் என்றால் இரண்டாவது ஆள், அவனும் அவுட் என்றால் களத்தில் இருக்கும் கார்னர். இந்த வரிசை பயிற்சியிலேயே பழக வேண்டும். பயிற்சி மேட்சில் கேப்டனை வேண்டுமென்றே பத்து நிமிடம் வெளியே உட்கார வையுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

எதற்கு இவ்வளவு என்றால், ஒரு சூழ்நிலையைப் பாருங்கள். கடைசி ஒரு நிமிடம். நாம் 3 பாயிண்ட் முன்னால். உள்ளே நம் ஆட்கள் இரண்டு பேர், கேப்டன் வெளியே. எதிர் ரெய்டர் வருகிறான். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 பாயிண்ட். கூட்டம் 'புடி புடி' என்று கத்தும். இருவரும் சேர்ந்து பாய்ந்து அவன் நழுவிவிட்டால் இரண்டு ஆளுக்கு 2, டீமே முழுக்க அவுட் ஆனதால் லோனாவுக்கு 2, மொத்தம் 4. ஒரு பாயிண்டில் தோல்வி. இங்கே சொல்ல வேண்டியது 'விடு'. ஆளுக்கொரு மூலையில் விலகி நிற்க வேண்டும், போனால் ஒருவன் போகட்டும், 2 பாயிண்ட் முன்னிலை மிச்சம். பிறகு கடைசி ஆள் ரெய்டு போய், ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனை மட்டும் தாண்டி, 30 விநாடியில் 27, 28 வரை கடத்திவிட்டுத் திரும்ப வேண்டும். முப்பதைத் தாண்டினாலும் அவன் அவுட், லோனா, மேட்ச் போச்சு. எதிர் ரெய்டர் சீக்கிரமே தொட்டுவிட்டுப் போயிருந்தால் அவர்களுக்கு இன்னொரு ரெய்டு மிஞ்சும். அப்போது நாம் டைம் அவுட் கேட்டால் கடிகாரம் நின்று அவர்களுக்குத்தான் யோசிக்க அவகாசம். இத்தனையையும் களத்துக்குள் இருக்கிற இரண்டு பேரில் ஒருவன் ஐந்து விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

ரெஃப்ரியிடம் பேசுவது கேப்டன் மட்டும், அவன் வெளியே இருந்தால் அடுத்த ஆள். ஏழு பேர் சூழ்ந்துகொண்டு கை நீட்டினால் பச்சை அட்டை, அடுத்து மஞ்சள் அட்டை. மஞ்சளுக்கு 2 நிமிடம் வெளியே. அந்த இரண்டு நிமிடத்தில் போவது கேள்வி கேட்ட ஒரு பாயிண்டைவிட அதிகம்.

யாரைப் போடுவது என்று உண்மையிலேயே தெரியவில்லை என்றால் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபுட்டியில் 2005ல் சிட்னி ஸ்வான்ஸ் கேப்டன் காயத்தால் விலகியதும் ஆறு பேரைச் சுழற்சியில் கேப்டன் ஆக்கினார்கள். அந்த ஆண்டு இறுதிப் போட்டியை 4 புள்ளியில் வென்று 72 ஆண்டு காத்திருப்பை முடித்தார்கள். நமக்கு ஆறு பேர் அதிகம், மார்கழியின் மூன்று பயிற்சி மேட்சுக்கு மூன்று பேர் போதும். சீட்டு ஓட்டை அதற்குப் பிறகு வையுங்கள். அப்படித் தேர்ந்தெடுத்தவனை முதல் தோல்விக்கே மாற்றாதீர்கள். பொங்கல் போட்டிகள் எல்லாம் முடிந்த பிறகு, மாசியில் மறுபடியும் சீட்டைக் கொடுங்கள். பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால், எத்தனை பேர் மனம் மாறியிருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.