வேன் சத்தம்

அக்டோபர் 7, 2025, செவ்வாய்

வேன் இன்னைக்கும் வந்துச்சு. அதே ஆளு, அக்கா பிள்ளைங்க ரெண்டையும் ஹோமுக்கு அனுப்புங்கன்னு அதே பேச்சு. தனித்தனி கட்டிலு, இங்கிலீஷ் மீடியம், தெனம் முட்டை, நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கம்மா போதும். அம்மா பதிலே சொல்லாம அடுப்பையே பாத்துட்டு இருந்துச்சு. குழந்தைகள் நலக் குழு உத்தரவு இருக்கான்னு நான்தான் கேட்டேன். அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாங்கறாரு. அப்புறமா? கூட்டிட்டுப் போற பிள்ளையை 24 மணி நேரத்துல அந்தக் குழு முன்னாடி நிறுத்தணும், அவங்க சொல்லாம எந்த ஹோமும் வெச்சுக்கக் கூடாது, 2015 இளைஞர் நீதிச் சட்டத்துலயே இருக்கு.

அவரு போற வரைக்கும் பெரியவன் கட்டிலுக்கு அடியிலதான் கெடந்தான்.

அக்டோபர் 8

மழை. தேயிலை எடுக்கப் போகல.

அக்டோபர் 10, வெள்ளி

கோத்தகிரில இருந்து ஊட்டிக்கு மொத பஸ். குழந்தைகள் பாதுகாப்பு அலகுங்கற கவர்மென்ட் ஆபீஸ்ல ஒரு மேடம் உக்கார வெச்சு பொறுமையா சொன்னாங்க. மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு திட்டத்துல ஒரு பிள்ளைக்கு மாசம் 4000, கிராமம்னா வருஷ வருமானம் 72,000க்குள்ள இருக்கணும். போன மாசம் 15ம் தேதி தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச அன்புக் கரங்கள் திட்டத்துல 18 வயசு வரைக்கும் மாசம் 2000. எது பொருந்துதோ அதுக்கு எழுதலாம். காசு இல்லங்கறதுக்காக பிள்ளையை சொந்தத்துல இருந்து பிரிக்கக் கூடாதுங்க, ஹோம் கடைசி வழிதான்னாங்க. இதை எங்க தோட்டத்து லைன் வீடுகள்ல இருக்கற ஒவ்வொரு வீட்டுலயும் போயி சொல்லணும் போல இருந்துச்சு.

அக்டோபர் 11

பக்கத்து வீட்டு அக்கா, ஏண்டி நல்ல எடத்துக்கு போறதுகளைத் தடுக்கறங்குது. அதுவும் பாசத்துலதான் சொல்லுது. ஆனா அம்மாவைப் பறிகுடுத்த பிள்ளைக்கு அம்மாயியையும் இல்லாம பண்ணிட்டு முட்டை குடுத்தா என்ன குடுக்காட்டி என்ன. அங்க ஒரு பிள்ளைக்கு ஆகற செலவுல பாதியை இங்க குடுத்தா ரெண்டும் இதே ஸ்கூல்ல இதே கூட்டாளிங்களோட படிக்கும்ல.

நைட்டு அம்மா திடீர்னு, சிலோன்ல இருந்து வந்தவங்களைத் தங்க வெச்ச மண்டபம் முகாமைப் பத்தி பேசுச்சு. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல ஒரே வீட்டுல ஒருத்தருக்கு இந்தியா, இன்னொருத்தருக்கு சிலோன்னு ஆயிப்போச்சு. அம்மாவோட அக்கா சிலோன்லயே நின்னுடுச்சு, அம்மா கப்பல் ஏறுச்சு. அப்புறம் பாக்கவே இல்ல. கையெழுத்துன்னா ஏன் அப்படி வெறச்சுப்போகுதுன்னு இப்பதான் தெரியுது.

அக்டோபர் 14, செவ்வாய்

வருமானச் சான்று இன்னும் வரல. இ-சேவைல பதிஞ்சாச்சு, விஏஓ பாக்கணும், ஆர்ஐ பாக்கணும், அப்புறம் தாசில்தார். அதை விட மச்சான் விஷயம்தான் தூங்க விடல. அக்கா செத்ததுக்கு சர்டிபிகேட் இருக்கு, விட்டுட்டுப் போனவருக்கு எந்த ஆபீஸ்ல என்னன்னு வாங்கறது? திருப்பூர்ல பாத்தேன்னு ஒருத்தர், பாலக்காட்டுலன்னு இன்னொருத்தர், போன் சுவிட்ச் ஆஃப், நாளைக்கு அவரே வந்து நின்னு எம்பிள்ளைங்கன்னு கூட்டிட்டுப் போனா, இல்ல அந்த வேன்காரர் அவரைத் தேடிப் புடிச்சு கையெழுத்து வாங்கிட்டா, இதுல சின்னவ வேற அப்பா எப்ப வரும்னு கேக்கறா.

அக்டோபர் 20, தீபாவளி

அக்கா இல்லாத மொத தீபாவளி. சின்னவளுக்கு மட்டும் மத்தாப்பு.

அக்டோபர் 23, வியாழன்

அலகுல இருந்து வீட்டைப் பாக்க வந்தாங்க. யாரு எங்க படுப்பீங்க, நான் தோட்டத்துக்குப் போனா யாரு பாத்துக்கறது, அம்மாவுக்கு சுகர் இருக்கா, ஸ்கூலுக்கு காட்டு வழியா போகுதுகளா, எல்லாம் எழுதிக்கிட்டாங்க. காட்டெருமை நிக்கற வளைவு வரைக்கும் நானே கொண்டுபோயி விடறேன்னேன். பெரியவன்கிட்ட தனியா பேசணும்னாங்க. அவன் வாசல்லயே நின்னுக்கிட்டு உங்க வேன் எங்கன்னு கேட்டான். பஸ்ஸுல வந்தேன் தங்கம்னாங்க. ரோடு வரைக்கும் போயி பாத்துட்டு வந்துதான் பேசுனான்.

வருமானச் சான்று வந்துருச்சு!

அக்டோபர் 27, திங்கள்

மேடம் போன். விசாரணை அறிக்கை நல்லபடியா போயிருக்காம், இனி கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டிதான் முடிவு பண்ணணும். அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பேங்க் அக்கவுண்ட் வேணும். சின்னவ ஆதார்ல இனிஷியல் தப்பா இருக்கு, அதைத் திருத்தாம பேங்க்ல எடுக்க மாட்டாங்க. நாளைக்கு லீவு சொல்லிட்டேன், கூலி போனா போகட்டும். ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, அக்கா சர்டிபிகேட் ரெண்டு ஜெராக்ஸ், போட்டோ