50 × 35 மி.மீ. போர்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கப் பட்ட பாடு

மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து வைஃபை வழியாக அனுப்பும் எங்கள் சிறு கருவியை, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றிலேயே வைப்பது என்று முடிவானது. அதனால் பழைய போர்டில் ஏறத்தாழ பாதிப் பரப்புக்குள், அதாவது 50 × 35 மி.மீ.க்குள், புதிய சர்க்யூட் போர்டு அடங்க வேண்டியிருந்தது. சுற்று வரைபடம், போர்டு அச்சிடுபவருக்குத் தரும் கெர்பர் கோப்பு, போர்டு அச்சாகி வருவது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. நான்கு லேயருக்கு (செம்பு அடுக்குக்கு) மாறியதால் டிராக் (செம்புக் கோடு) இழுப்பதும் எளிதாகிவிட்டது. தலைவலி முழுவதும் கம்போனன்ட்களை எங்கே வைப்பது என்பதிலும், அவற்றைப் பொருத்தித் தர ஒப்புக்கொண்ட அசெம்பிளி நிறுவனத்திடமும்தான் இருந்தது. (பெட்டியின் படத்தில் உள்ள அளவையும் நம்பாதீர்கள். வார்ப்புப் பெட்டிகளின் சுவர் அடியை நோக்கிச் சற்றே சாய்ந்து குறுகும். போர்டு எந்த உயரத்தில் உட்காருமோ அங்கே வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.)

"எல்லாவற்றையும் 0402-க்கு மாற்றிவிடுங்கள்" என்பதே கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்ன யோசனை. (0402, 0805 என்பவை கம்போனன்ட்டின் நீள அகலத்தை அங்குலக் கணக்கில் குறிக்கும் எண்கள்.) 0805 ரெசிஸ்டரின் உடல் 2.0 × 1.25 மி.மீ., 0402-இன் உடல் 1.0 × 0.5 மி.மீ. என்பதால் பரப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்று தோன்றும். ஆனால் போர்டில் இடம் பிடிப்பது உடல் மட்டுமன்று. பேடும் (சோல்டர் பிடிக்கும் செம்புத் திட்டு) சுற்றிலும் காலியாக விடும் கோர்ட்யார்டும் சேர்ந்த பரப்புதான் கணக்கு. கீகேட் என்ற போர்டு வரையும் மென்பொருளின் வழக்கமான ஃபுட்பிரிண்டில் (கம்போனன்ட்டுக்குரிய பேட் அமைப்பில்) அது 0805-க்கு ஏறத்தாழ 3.4 × 1.9 மி.மீ., 0402-க்கு ஏறத்தாழ 1.9 × 0.9 மி.மீ. இருபது ரெசிஸ்டர்களை மாற்றினாலும் நூறு சதுர மி.மீ. தேறாது. வைஃபை மாட்யூலை 18 × 25.5 மி.மீ. அளவுள்ள இஎஸ்பி32-வ்ரூம்-32இ-யிலிருந்து 13.2 × 16.6 மி.மீ. அளவுள்ள இஎஸ்பி32-சி3-மினி-1-க்கு மாற்றியதில் மட்டும் 240 சதுர மி.மீ. கிடைத்தது. மேலும் சி3 சிப்பிலேயே யுஎஸ்பி சீரியல் வசதி இருப்பதால், யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் யுஎஸ்பி-யுஏஆர்டி சிப்பும் அதனுடன் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு டிரான்சிஸ்டர்களும் தேவையற்றுப் போயின. புரோகிராம் செய்வதற்கென்று இருந்த ஆறு பின் ஹெடரை எடுத்துவிட்டு, 1 மி.மீ. டெஸ்ட் பேட்களை வைத்து, ஸ்பிரிங் ஊசிகளால் அவற்றைத் தொடும் போகோ பின் ஜிக் ஒன்றைச் செய்துகொண்டோம்.

ஸ்க்ரூ டெர்மினலிலும் இடம் மிச்சமானது. ஐந்து வயர்களுக்கு 5.08 மி.மீ. பிட்ச் (கால்களுக்கு இடையேயான தூரம்) என்றால் விளிம்பில் 25.4 மி.மீ. போய்விடும், 3.5 மி.மீ. பிட்ச் என்றால் 17.5 மி.மீ. போதும். இதற்குரிய விலையையும் சொல்லிவிடுகிறேன்: எலெக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரின் பிரிகளை முறுக்கி அந்தச் சின்ன ஓட்டைக்குள் நுழைப்பதற்குள் அவர்கள் நம்மைத் திட்டித் தீர்த்துவிடுகிறார்கள். முக்கால் ஸ்கொயர் வயரைக் கருவியோடு சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் சுருக்கவும் கூடாது. 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டரின் உள்ளீட்டில் 10 மைக்ரோஃபாரட் எக்ஸ்5ஆர் வகைப் பீங்கான் கப்பாசிட்டரை 0603 அளவில் வைத்தால், அந்த மின்னழுத்தத்தில் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பெயரளவு மதிப்பையும் 25 வோல்ட் என்ற எழுத்தையும் மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது. மின்னழுத்தம் ஏற ஏற மதிப்பு குறைவதைக் காட்டும், தயாரிப்பாளர் தரும் டிசி பயாஸ் வளைவைப் பார்க்க வேண்டும். ஆகவே அந்த இடத்தில் 0805-ஐ அப்படியே விட்டுவிட்டேன்.

கப்பாசிட்டர் வாங்கிய அனுபவத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. 100 நானோஃபாரட், 0603 என்று எழுதிக் கொடுத்த ஆர்டருக்கு வந்து சேர்ந்தது 0.6 × 0.3 மி.மீ. உள்ள ரீல். மெட்ரிக் கணக்கில் 0603 என்று அழைக்கப்படுவது நமது அங்குல வழக்கத்தில் 0201. நமது 0603-க்கு மெட்ரிக் பெயர் 1608. திருப்பிக் கொடுக்க நேரில் போனபோது கவுண்டரில் இருந்தவர் ரீலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "லேபிளில் 0603 என்றுதானே சார் போட்டிருக்கிறது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிரித்த ரீலைத் திரும்ப எடுப்பதில்லை என்ற அறிவிப்பு அவருக்குப் பின்னாலேயே தொங்கியது. அந்த ரீல் இன்றும் அலமாரியில் கிடக்கிறது. அளவை மட்டும் எழுதாமல் தயாரிப்பாளரின் முழுப் பகுதி எண்ணையும் எழுதுங்கள். முராட்டா என்றால் ஜிஆர்எம்188 என்று தொடங்குவது நமது 0603, ஜிஆர்எம்033 என்று தொடங்குவது அந்தத் தூசி.

அசெம்பிளி நிறுவனத்திடம் கம்போனன்ட்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். "ஃபைலை அனுப்புங்கள் சார், பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். போர்டு அச்சாகி, சோல்டர் பேஸ்ட் பூசும் ஸ்டென்சிலும் வெட்டிய பிறகு, "பிளேஸ்மென்ட் ஓகே இல்லை" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது. எது சரியில்லை என்று தொலைபேசியில் யாராலும் சொல்ல முடியவில்லை. நேரில் போன பிறகுதான், உள்ளேயிருந்த சூப்பர்வைசர் ஒருவர் வேவ் சோல்டரிங்கில் (உருகிய ஈய அலைமீது போர்டைச் செலுத்தும் முறை) போர்டைத் தாங்கும் கறுப்புப் பேலட் ஒன்றைக் கொண்டுவந்து என் போர்டை அதன்மீது வைத்துக் காட்டினார். டெர்மினலின் கால்கள் மட்டும் ஈயத்தில் படும்படி அதில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும்; அடிப்பக்கத்தில் உள்ள சின்னக் கம்போனன்ட்களை அந்த ஜன்னலின் சுவர் மூடிக் காக்க வேண்டும். அந்தச் சுவர் நிற்பதற்காக, கால்களிலிருந்து 3 மி.மீ. வரை அடிப்பக்கத்தில் எதுவும் இருக்கக் கூடாதாம். என் போர்டில் இருந்ததோ 1 மி.மீ. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு லாட் போர்டும் ஸ்டென்சிலும் வீணாகியிருக்காது. யுஎஸ்பி சிப்பை நீக்கியதால் மேலே கிடைத்த இடத்துக்கு அடிப்பக்கத்தில் இருந்தவற்றையெல்லாம் கொண்டுவந்தேன். ஒரே ஸ்டென்சில், ஒரே ரீஃப்ளோ (பேஸ்டை உருக்கும் அடுப்புச் சுற்று) என்றானதால் அசெம்பிளிச் செலவும் குறைந்தது. அந்த மட்டில் எனக்கு வெற்றிதான்.

ஆனால் பேனலை (பல போர்டுகள் சேர்ந்த ஒரே தகடு) அவர்களே அமைத்தார்கள், வரைபடத்தை ஒப்புதலுக்கு அனுப்பவில்லை. போர்டுகளைப் பிரிப்பதற்காகக் கீறும் வி-கட் கோடு நான் நினைத்த நீண்ட விளிம்பில் வராமல், உள்ளீட்டுக் கப்பாசிட்டரின் நீளம் கோட்டுக்குச் செங்குத்தாக இருந்த குறுகிய விளிம்பில் வந்தது. போர்டுகளைக் கையால் ஒடித்தே பிரித்திருக்கிறார்கள். வந்த போர்டுகளில் சிலவற்றில் அந்தக் கப்பாசிட்டர் மட்டும் விரல் வைக்க முடியாதபடி சுட்டது. பார்வைக்கு விரிசல் எதுவும் தெரியவில்லை. கழற்றிப் பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் பேடை ஒட்டிச் சாய்வாக ஓடிய மயிரிழைக் கோடு தெரிந்தது. போர்டு வளையும்போது பீங்கான் கப்பாசிட்டர் இப்படித்தான் உடையும். இடம் நெருக்கடியாக இருக்கும்போது விளிம்பு ஓரம் காலியாகத்தான் தெரியும். அங்கே கப்பாசிட்டரை வைத்தே ஆக வேண்டுமென்றால் அதன் நீளம் வெட்டுக் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும், கோட்டிலிருந்து முடிந்தவரை தள்ளியும் இருக்கட்டும். பேனல் வரைபடத்தில் கையொப்பமிடாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த லாட்டில் ஆன்டெனாவைப் போர்டின் விளிம்புக்கு வெளியே நீட்டி, அதைச் சுற்றி 15 மி.மீ. வரை உலோகம் எதுவும் வராதபடி பெட்டியின் ஸ்க்ரூக்களையும் மறுபக்கம் தள்ளினேன். சிக்னலில் குறை இல்லை. நெருக்கத்தில் ஆர்12, சி7 போன்ற பெயர்களை அச்சிட மட்டும் இடம் இல்லாமல் போயிற்று. ஆகையால் நான்கு மடங்கு பெரிதாக்கிய அசெம்பிளி வரைபடத்தை அச்சிட்டு, சர்வீஸ் மேசையில் ஒன்றும் அசெம்பிளிக்காரர்களிடம் ஒன்றுமாகக் கொடுத்திருக்கிறேன்.