மண்ணடியில் கற்ற முசாங் கிங்

வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் எங்கள் பக்கத்துத் தெருக்களில், அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய உணவுகள் இன்றும் கிடைக்கின்றன. எங்கள் ஆயா அறுபது ஆண்டுகளாக ஏங்கிய பழம் மட்டும் கிடைத்ததில்லை. அவர் பர்மாவின் மௌல்மீனில் பிறந்தவர். 1964இல் கடைகள் நாட்டுடைமையானபின், பத்தொன்பது வயதில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். பர்மியர் ‘டூயின்’ என்றும் மலாய்க்காரர் ‘டுரியான்’ என்றும் அழைக்கும் அந்தப் பழம் கொல்லையில் இரவு நேரத்தில் ‘தொப்’பென்று விழும் ஓசையைக் கேட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு அக்காளும் தங்கையும் ஓடியதை அவர் சொல்லாத கோடைக்காலமே எங்கள் வீட்டில் இல்லை.

தமிழில் இதற்கு முள்நாறி என்ற பெயர் உண்டு. நம் ஊரில் பெரும்பாலோர் இதைக் குழந்தைப்பேற்றுக்கான பழமாக மட்டுமே அறிவார்கள். நீலகிரி மலையடிவாரத்தில் கல்லார், பர்லியார் அரசுப் பழப்பண்ணைகளில் விளைவதைத் தேடிப் போகிறவர்களும் பெரும்பாலும் அதற்காகவே போகிறார்கள். சுவைக்காக இதை வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது பழக்கடைக்காரர்களே வியப்புடன் பார்த்தார்கள்.

முதலில் எனக்குக் கிடைத்தது தாய்லாந்திலிருந்து வந்த மோந்தோங் வகை. பொன் தலையணை என்று பொருள்படும் அந்தப் பெயருக்கேற்பச் சுளைகள் பெரியவை, தடித்தவை, இளமஞ்சள் நிறத்தவை, இனிப்பும் இருந்தது. ஆயா ஒரு துண்டை வாயில் இட்டு நெடுநேரம் மென்றார். பிறகு, “இது அது இல்லடா கண்ணு. இதுல கசப்பே இல்லியே” என்றார். அவர் தேடியது இனிப்பை அல்ல, இனிப்பின் அடியில் கிடக்கும் கசப்பை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கு விளக்கம் சென்னையின் மண்ணடிப் பகுதியில் கிடைத்தது. என் நண்பனின் அத்தா, அதாவது அப்பா, இளமையில் பல ஆண்டுகள் பினாங்கில் பழம் விற்றவர். நண்பன் அழைப்பதைப் போலவே நானும் அவரை அத்தா என்றுதான் அழைப்பேன். தாய்லாந்தில் பழத்தை முற்றிய நிலையில் மரத்திலிருந்து வெட்டி இறக்குகிறார்கள் என்றும், அது வழியில் பழுப்பதால் தொலைதூரப் பயணத்தைத் தாங்குகிறது என்றும், மலேசியாவிலோ மரத்தின் கீழே வலை கட்டி, பழம் தானாக விழும்வரை காத்திருக்கிறார்கள் என்றும் அவர் விளக்கினார். தானாக விழுந்த பழத்தில் மணமும் கசப்பும் முழுமையாக இறங்கியிருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். ஆயா கொல்லையில் பொறுக்கியதும் விழுந்த பழம்தானே என்று கேட்டுவிட்டு, “அப்ப உங்க ஆயாவுக்கு முசாங் கிங் வாங்கிக் குடுங்க தம்பி. கசப்புன்னா அதுல இருக்கு” என்றார்.

அன்று மாலை முழுவதும் நான் அவரிடம் பாடம் கேட்டேன். மலேசிய வேளாண் துறை டுரியான் வகைகளைப் பதிவு செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் ‘டி’ என்ற எழுத்தோடு ஓர் எண் தருகிறது. கசப்புக்குப் பெயர்பெற்ற பழைய வகையான டி24 1937இல் பதிவானது. முசாங் கிங் எனப்படும் டி197 1993இல் பதிவானது. கிளந்தான் மாநிலத்தின் குவா முசாங் என்ற ஊர்ப்பெயரை ஒட்டி வந்த பெயர் அது. மலாயில் ‘குவா’ என்றால் குகை, ‘முசாங்’ என்றால் மரநாய். அதற்கு ராஜா குன்யிட் என்று இன்னொரு பெயரும் உண்டு. குன்யிட் என்பது மஞ்சள்கிழங்கு. சுளையின் நிறத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். விதையிலிருந்து முளைத்த டுரியான் தாய்மரத்தின் குணத்தோடு வரும் என்று நம்ப முடியாததால், இந்த வகைகளை ஒட்டுக் கட்டியே பெருக்குகிறார்கள்.

“ஸ்டிக்கரப் பாக்காதீங்க, பழத்தோட அடியப் பாருங்க” என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. காம்புக்கு நேர் எதிரே, பழத்தின் அடியில், ஓட்டின் பிளவுக்கோடுகள் வந்து கூடும் இடத்தில் முள் இல்லாமல் ஐந்து கால் நட்சத்திரம் போன்ற பழுப்புத் தடம் தெரிய வேண்டும். முட்கள் அடி அகன்று, கூம்பாக, சற்று இடைவெளி விட்டு நிற்க வேண்டும். சுளையாக வாங்கினால் அடர்மஞ்சள் நிறமும், மெல்லிய சுருக்கம் விழுந்த மேல்தோலும், உள்ளே சப்பையாகச் சூம்பிய சிறு கொட்டையும் இருக்க வேண்டும். கொட்டை பருத்திருந்தால் ஐயப்பட வேண்டும் என்றார்.

அந்தக் கடைசிக் குறிப்பை நான் போதிய அளவு மனத்தில் வாங்கவில்லை. இங்கே கிடைப்பது உறைநிலையில் வரும் பழம்தான் என்பதால், பாரிமுனைப் பக்கம் ஒருவரிடம் ‘முசாங் கிங்’ என்று அச்சிட்ட 400 கிராம் பெட்டியை வாங்கினேன்; எங்கள் வீட்டின் ஒரு மாத அரிசிச் செலவை விட அதிக விலை. திறந்தபோது சுளைகள் வெளிறியிருந்தன. கொட்டைகள் பலாக்கொட்டை போல் உருண்டிருந்தன. மூடியின் உட்புறம் பனித்தூள் கட்டியாகப் படிந்திருந்தது. வழியில் ஒருமுறை உருகி, மீண்டும் உறைய வைக்கப்பட்ட பழம் நீர்விட்டுக் கூழாகிவிடும். அதுவும் அப்படித்தான் இருந்தது. ஆயாவிடம் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒருவரின் ஏக்கத்தின்மேல் பொய்யான பெயரை ஒட்டி விற்றார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த நாள்களில்தான் இந்தப் பழத்தைப் பற்றி இன்னொன்றும் படித்தேன். 2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் டுரியானின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தபோது எடுத்துக்கொண்டது இதே முசாங் கிங் வகையைத்தான்; கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் பெருகியிருப்பதே அந்த வாடைக்குக் காரணம் என்று கண்டார்கள். பருத்தியும் வெண்டையும் டுரியானின் உறவுச் செடிகள். தாத்தா பின்னி ஆலையில் பஞ்சோடு கழித்த ஆண்டுகளை நினைத்தபோது, ஆயாவின் பழமும் தாத்தாவின் பஞ்சும் ஒரே குடும்பம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாம் முறை அத்தாவையே உடன் அழைத்துச் சென்றேன். அவருக்குத் தெரிந்த இறக்குமதிக்காரர், தெளிவான மூடியுள்ள பெட்டிகளை வெளியே எடுத்து வைத்தார். பனித்தூள் படிந்த இரண்டை அத்தா ஒதுக்கினார். மூன்றாவதைத் திருப்பிப் பார்த்து, சுளையின் சுருக்கத்தை மூடியின் மேலாகவே விரலால் சுட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் அதை உடனே வெளியில் வைத்து உருக்காமல், அவர் சொன்னபடி குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் கதவைத் திறந்ததுமே வாடை கூடம்வரை வந்தது. ஆயா தன் அறையிலிருந்து, யாரும் அழைக்காமலே எழுந்து வந்தார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ஒரே ஒரு சுளைதான் கொடுத்தேன். பாலாடை போல் விரலில் ஒட்டிய சதையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் இனிப்பும், தொண்டையில் இறங்கும்போது மெல்லிய கசப்பும் எனக்கே தெளிவாகத் தெரிந்தன. சப்பையான கொட்டையை அவர் கீழே போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். “எங்க மரத்துப் பழம் இத்தன மஞ்சளா இருக்காது. ஆனா இந்தக் கசப்பு அதேதான்” என்றார். சிறிது நேரம் கழித்து, ஏதோ விட்டுப்போனதைப் போல மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஓடு எங்கடா? ஓட்டுல தண்ணி ஊத்திக் குடிக்கணும், கை கழுவணும். அப்பதான் வாட போவும்” என்றார்.

பெட்டியில் ஓடு ஏது? மறுநாளே மண்ணடிக்குப் போய் அத்தாவிடம் சொன்னேன். ஓட்டோடு உறைய வைத்த முழுப் பழமும் மலேசியாவிலிருந்து வருகிறது என்று சொல்லி, அதே இறக்குமதிக்காரரிடம் அடுத்த சரக்கில் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். வந்ததும் வெட்டுவதற்கு முன் அடியைத் திருப்பி ஆயாவிடம் நட்சத்திரத்தைக் காட்ட வேண்டும்.