எங்க பழைய மாணவர் சங்கம் ரிஜிஸ்டர் ஆன கதை

சங்கத்தை ரிஜிஸ்டர் பண்ணணும்னு எங்களுக்கா தோணல, அதை முதல்லயே சொல்லிடுறேன். காலேஜுக்கு நாக் கமிட்டி (காலேஜுங்க தரத்தைப் பார்த்து கிரேடு போடுறவங்க) வரப்போகுதுன்னு பிரின்சிபால் கூப்பிட்டு விட்டார். அப்ப நாக் பார்த்த விஷயங்கள்ல 5.4னு ஒரு இடம் இருந்துச்சு, பதிவு பண்ணின பழைய மாணவர் சங்கம் இருக்கா, அது காலேஜுக்கு என்ன செஞ்சிருக்குன்னு அதுல கேப்பாங்க. எங்க சங்கம் என்ன செஞ்சிச்சுன்னா வருஷா வருஷம் ஜனவரி 26 கொடியேத்தி முடிஞ்சதும் ஆடிட்டோரியத்துல கூடும், மேடைல இருக்க அத்தனை பேருக்கும் பொன்னாடை போத்தும், மத்தியானம் சொதிச் (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாடு, இஞ்சித் துவையல், குரூப் போட்டோ, அவ்வளவுதான். லெட்டர்பேடு இருந்துச்சு, ரப்பர் ஸ்டாம்பு இருந்துச்சு, தலைவர்னு ஒரு அண்ணாச்சியும் இருந்தாரு. பதிவு நம்பர்தான் இல்ல.

பேப்பர்ல பார்த்தா ரொம்ப சிம்பிள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, அதுப்படி குறைஞ்சது ஏழு பேர் இருக்கணும், நிர்வாகக் குழுல மூணு பேருக்குக் குறையக் கூடாது, ஒரு குழு மூணு வருஷத்துக்கு மேல நாற்காலில உக்காரக் கூடாது, பைலா (சங்கத்து விதிமுறை) எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு சங்கம் ஆரம்பிச்ச மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல குடுக்கணும். நாற்காலி விஷயத்தைக் கேட்டதும் தலைவர் அண்ணாச்சி முகம் சுருங்கிப் போச்சு, அவரு பதினோரு வருஷமா தலைவர்.

முகவரிலயே முதல் முட்டுக்கட்டை. சங்கத்துக்கு ஆபீஸ் எங்கேயோ அந்த கட்டட சொந்தக்காரர் சம்மதக் கடிதம் குடுக்கணும். எங்களது கவர்மெண்டு காலேஜ், கட்டட சொந்தக்காரர்னா கவர்மெண்டுதான். பிரின்சிபாலு "நான் தனியா லெட்டர் குடுக்க முடியாதுப்பா, இணை இயக்குநர் ஆபீஸுக்கு எழுதித்தான் குடுக்கணும்"னாரு. எழுதினாரு, பதில் வரல. அவர் சொன்னதுல தப்பில்ல, ஆனா எங்களை அவசரமா கூப்பிட்டவரும் அவர்தானே. கடைசில செயலாளர் வீட்டு மாடி ரூமை முகவரியா போட்டு வீட்டுவரி ரசீதை வச்சோம். யாராவது ரிஜிஸ்டர் பண்ணப் போறீங்கன்னா கேம்பஸ் முகவரிக்காகக் காத்துக் கிடக்காதீங்க, முகவரியை அப்புறம் மாத்திக்கலாம்.

அடுத்து பேரு. இதுலதான் கதையே மாறிச்சு. ரிட்டையர் ஆன தமிழ் சார் ஒருத்தர் வீட்டு டிரங்குப் பெட்டில ஒரு நோட்டு இருக்குன்னு தகவல் வந்து போய்ப் பார்த்தா, எங்களுக்கு முன்னாடியே ஒரு சங்கம் இருந்திருக்கு, அதுவும் பதிவு பண்ணினது, 1975 சட்டம் வர்றதுக்கு முன்னாடி 1860-ம் வருஷத்து மத்திய சட்டத்துல! பாளையங்கோட்டை சேவியர்ஸ் மாதிரி 1923-ல ஆரம்பிச்ச காலேஜ்னா பழைய மாணவர்னு சொல்லிக்க தலைமுறை தலைமுறையா ஆள் இருக்கும். எங்களது அறுபதுகள்ல வந்தது, முதல் பேட்ச் வெளிய போன சூட்டோட இவ்வளவு பண்ணியிருக்காங்கன்னு யாருக்குமே தெரியாது.

அந்த மினிட்ஸ் நோட்டை நான் ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன். சந்தா வருஷத்துக்கு ரெண்டு ரூபா. அதையும் குடுக்காதவங்க பேர் பட்டியல் பக்கம் பக்கமா போகுது, அதுல பின்னாளைல பெரிய ஆளாகி எங்க மேடைல பொன்னாடை வாங்கினவங்களும் உண்டு (பேர் சொல்ல மாட்டேன்). வாத்தியார்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் வாலிபால் மேட்ச், அப்புறம் தேநீர் விருந்து, கணக்குல "காராச்சேவு, மிச்சர்"னு தனி வரி. ஏழைப் பசங்களுக்கு புக்ஸ் குடுத்து வருஷக் கடைசில திரும்ப வாங்குற ஏற்பாடு ஒண்ணு நாலஞ்சு வருஷம் ஒழுங்கா நடந்திருக்கு, நாங்க பொன்னாடைக்குச் செலவழிச்ச காசைப் பார்த்தா அது எவ்வளவோ உருப்படியான வேலை. எண்பதுகள்ல ஒரு தேர்தல் தகராறு, அதுக்கப்புறம் வெள்ளைப் பக்கம்.

பழைய சங்கத்தையே உயிர்ப்பிக்கலாம்னு பாதிப் பேர் ஆசைப்பட்டாங்க. பதிவாளர் ஆபீஸ்ல விசாரிச்சா, அப்ப விட்டுப்போன வருஷத்துக் கணக்கெல்லாம் எங்கேன்னு கேட்டாங்க. நாப்பது வருஷக் கணக்குக்கு எங்க போக, பேர்ல ஒரு வார்த்தையை மாத்தி புதுசாவே போட்டுட்டோம். நோட்டை ஸ்கேன் பண்ணி வச்சாச்சு.

பைலா எழுதுறதுலதான் நிஜமான சண்டை. மாடல் பைலா பத்திர எழுத்தர்கிட்டயே ரெடியா இருக்கும், அதுல உறுப்பினர் யாருங்குற வரியை மட்டும் நாம நிரப்பணும், அந்த ஒரு வரிக்கு நாங்க மாசக்கணக்குல அடிச்சுக்கிட்டோம். டிகிரி முடிச்சவங்க மட்டும்னு ஒரு கோஷ்டி. அப்படிப் போட்டா 1978-ல பிளஸ் டூ வர்றதுக்கு முன்னாடி இங்க பி.யு.சி. (டிகிரிக்கு முன்னாடி காலேஜ்லயே இருந்த புகுமுக வகுப்பு) மட்டும் படிச்சிட்டு கடை வைக்கப் போன அண்ணாச்சிகள் அத்தனை பேரும் வெளிய, இத்தனைக்கும் சொதிச் சாப்பாட்டுக்கு வருஷா வருஷம் பணம் குடுத்தது அவங்கதான். அரியர் முடிக்காதவங்க வெளிய. ரெண்டாம் வருஷம் அப்பா செத்து படிப்பை விட்டவங்க வெளிய. சர்டிபிகேட்டைப் பார்த்து உறுப்பினர் சேர்க்கலாம்னா, ஒரே காலேஜ்ல படிச்ச நாலு பேர் கையில நாலு விதமான யுனிவர்சிட்டி பேர் போட்ட சர்டிபிகேட் இருக்கு: முதல் பேட்சுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டி, 1966-க்கு அப்புறம் மதுரை யுனிவர்சிட்டி, 1978-ல அதுவே மதுரை காமராஜ் ஆச்சு, 1990-ல நெல்லைக்குன்னு மனோன்மணியம் சுந்தரனார் வந்துச்சு. கடைசில ஒரு அண்ணாச்சி எந்திரிச்சு "ஏ, அட்மிஷன் ரிஜிஸ்டர்ல பேர் இருந்தா அவன் நம்ம ஆளு வே, பாஸா ஃபெயிலான்னு கேக்க நாம என்ன யுனிவர்சிட்டியா"ன்னாரு. அதையே கொஞ்சம் சட்டத் தமிழாக்கி பைலால எழுதிட்டோம்.

இன்னொரு சங்கடம், ஏழு பேர் கையெழுத்துன்னதும் ஏழும் ஆம்பளைங்க. பழைய குரூப் போட்டோ எல்லாத்துலயும் முன்வரிசைல பொண்ணுங்க உக்காந்திருக்காங்க, ஆனா வாட்ஸாப் குரூப்ல அவங்க யாருமே இல்ல. கல்யாணமாகி ஊர் மாறி இனிஷியல் மாறி போன் நம்பரும் யாருக்கும் தெரியாது, தேடணும்னு யாரும் மெனக்கெடவும் இல்ல. போஸ்டாபீஸ்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு அக்காவை எப்படியோ பிடிச்சோம், அவங்க மூலமா மத்தவங்க வந்தாங்க. அக்காதான் இப்ப பொருளாளர். வந்த கையோட ரசீது இல்லாம ஒரு டீ கூட கிடையாதுன்னுட்டாங்க, பொன்னாடையும் அன்னைக்கோட நின்னுச்சு.

சர்டிபிகேட் கைக்கு வந்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. சங்கத்து பேர்ல பான் கார்டு, தீர்மானத்தோட பேங்க் அக்கவுண்ட், செக்ல ரெண்டு பேர் கையெழுத்து. நன்கொடை குடுக்கறவங்க வரி விலக்கு கேப்பாங்க, அதுக்கு இன்கம்டாக்ஸ்ல சங்கத்துக்கான 12ஏ பதிவு, நன்கொடை குடுக்கறவங்களுக்கான 80ஜி அனுமதி (ரெண்டும் 1961 சட்டத்து நம்பர்) தனித்தனியா வாங்கணும், முதல்ல தற்காலிகமாத்தான் தருவாங்க. 80ஜி ரசீது பழைய டாக்ஸ் முறைல இருக்கவங்களுக்குத்தான் உதவும், ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்தா அதுவும் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா பின்னாடி நம்மளைத்தான் திட்டுவாங்க.

வெளிநாட்டுப் பணம்தான் பெரிய தலைவலி. துபாய்ல இந்தியன் பாஸ்போர்ட்டோட இருக்க பையன் தன் சம்பளத்துல பேங்க் வழியா அனுப்பினா பிரச்சினை இல்ல. அமெரிக்க சிட்டிசன் ஆனவர் அனுப்பினா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்றது) வச்சிருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாம தொடக் கூடாது. அதை வாங்கணும்னா பொதுவா சங்கம் மூணு வருஷம் ஓடி 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல அக்கவுண்ட் வேற. எங்க சீனியர் ஒருத்தர் ஒரு லட்சம் தர்றேன்னாரு, அக்கா வேண்டாம்னுட்டாங்க. அவருக்குக் கோவம், குரூப்லயிருந்து லெஃப்ட் ஆனாரு, ரெண்டு வாரத்துல அவரே திரும்பி வந்துட்டாரு.

நாக் கமிட்டி வந்துச்சு, எங்களோட கொஞ்ச நேரம் பேசினாங்க, சர்டிபிகேட் ஜெராக்ஸை ஃபைல்ல வச்சாங்க. இப்ப மார்ச் கணக்கு முடிஞ்சாச்சு, ஆடிட் பண்ணி, பொதுக்குழு கூட்டி, ஆறு மாசத்துக்குள்ள பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும். தலைவரும் மாறியாச்சு, அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்க படிவம் 7 தனி. பழைய தலைவர் அண்ணாச்சி சாப்பாட்டுக் கமிட்டிக்குப் போயிட்டாரு, இந்த வருஷம் சொதிக்கு தேங்காய் எத்தனை வேணும்னு இப்பவே எஸ்டிமேட் கேட்டு அக்கா அவரை விரட்டிட்டிருக்காங்க.