பச்சை முத்திரையும் ஒயின் விலையும்

தீபாவளி விருந்துக்கு ஒயின் வாங்கப் பேரங்காடிக்கு வரும் என் மைத்துனர், பின்புற ஒட்டுத்தாளில் நீடித்த நிலைத்தன்மை முத்திரையை, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் விளைவித்தது என்னும் சான்றைக் கண்டால், "மாமா, இதுக்குத்தான் ரெண்டு மூணு வெள்ளி கூடப் போட்டுட்டான்" என்று புட்டியைத் திரும்ப வைத்துவிடுவார். அவர் சந்தேகப்படுவது தவறான இடத்தை.

நியூசிலாந்தில் இந்த முத்திரைக்கான சான்றளிப்புத் திட்டம் 1995ல் தொடங்கியது. இன்று அந்நாட்டுத் திராட்சைத் தோட்டப் பரப்பில் 96 விழுக்காடு வாக்கில் அதன்கீழ் வந்துவிட்டது. எல்லாரிடமும் இருக்கும் சான்றுக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்? அங்கே சான்று இல்லாத தோட்டம்தான் வாங்குவோருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயற்கை வேளாண் சான்றின் கதை வேறு. அதற்கு மாறும் மூன்று ஆண்டுகளில் செலவு முழுவதும் தலையில் வந்து விழும், முத்திரை மட்டும் வராது. ஆகவே விலை ஏறுவதில் வியப்பில்லை; வியப்பு முத்திரையில்தான் இருக்கிறது. 1998 முதல் 2005 வரையிலான கலிபோர்னிய ஒயின்கள் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மகாலி டெல்மாஸ், லாரா கிராண்ட் என்னும் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, சான்று பெற்ற திராட்சை விலையை 13 விழுக்காடு உயர்த்துவதாகவும், அதே சான்றைப் புட்டியில் அச்சிட்டால் விலை 20 விழுக்காடு குறைவதாகவும் கண்டனர். அமெரிக்க விதிப்படி 'ஆர்கானிக் ஒயின்' என்று போட வேண்டுமானால், ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட்டைச் சேர்க்கக் கூடாது. சேர்க்காத ஒயின் சீக்கிரம் கெடும் என்ற பெயர், சான்று பெற்ற திராட்சையில் செய்து சல்ஃபைட் சேர்த்த நல்ல சரக்கின்மீதும் ஒட்டிக்கொண்டது. சான்றை வாங்கி வைத்துக்கொண்டு வாய் திறக்காத தோட்டக்காரர்கள் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சிங்கப்பூரில் இந்த வேறுபாடுகள் இன்னும் மங்கிவிடுகின்றன. இங்கே ஒயினுக்குத் தீர்வை விதிப்பது விலையைப் பார்த்தன்று, மதுசாரத்தைப் பார்த்து. லிட்டர் தூய மதுசாரத்துக்கு 88 வெள்ளி என்பதால், 13 விழுக்காடு மதுசாரமுள்ள 750 மில்லிலிட்டர் புட்டிக்கு 8 வெள்ளி 58 காசு போய்விடுகிறது, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் ஏறுகிறது. சான்றுக்குத் தள்ளுபடியும் இல்லை, தண்டமும் இல்லை. தோட்டக்காரர் சான்றுச் செலவுக்காக ஐம்பது காசு கூட்டி, இறக்குமதியாளரும் கடைக்காரரும் தத்தம் லாபத்தை விழுக்காட்டுக் கணக்கில் வைத்து அதை ஒரு வெள்ளியாக்கினாலும், முப்பது வெள்ளிப் புட்டியில் அது எங்கே தெரியப்போகிறது? 13 விழுக்காட்டுப் புட்டியை விட்டு 14.5 விழுக்காட்டு ஆஸ்திரேலிய ஷிராஸ் சிவப்பு ஒயினை எடுத்தால், தீர்வை மட்டுமே 99 காசு கூடும். அதை மைத்துனர் கேட்டதே இல்லை.