இடம்பெயர்ந்த மடுவம்

ஹட்டனில் உயர்தர உயிரியல் கற்பிக்க வந்த முதல் ஆறு வருடங்களும், கொல்லும் டி கலத்தை, அதாவது நோய்த்தொற்றிய கலங்களைக் கொல்லும் வெண்குருதிக் கலத்தை, நான் ஐந்து அம்புக்குறிகளில் முடித்துவிட்டேன். வைரசு புகுந்த கலத்தை அடையாளம் காணும், பெர்ஃபோரின் என்ற துளையிடும் புரதத்தை விடும், துளை விழும், கிரான்சைம் என்ற கொல்லும் நொதி உள்ளே போகும், கலம் சாகும். வினாத்தாளுக்கு அது போதும்.

ஏழாம் வருடம், கூரைத் தகரத்தில் மழை அடித்து என் குரலே எனக்குக் கேட்காத ஒரு பிற்பகலில், பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், இவ்வளவு நஞ்சையும் பக்கத்துக் கலத்தில் சிந்தாமல் சரியான ஆளிடம் எப்படிக் கொடுக்கிறது?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்ல மூன்று வாரம் ஆயிற்று.

விடை கலத்துக்குள் இருக்கும் புரத இழைகளின் சட்டகமான குழியவன்கூட்டில் இருந்தது. 'கலத்துக்கு உருவம் தருவது' என்று ஒரே வரியில் நான் கடந்துபோன அதே கூடு! இலக்கைத் தொட்டதும் அந்த இடத்தில் கூட்டின் அக்டின் இழைகள் குவிகின்றன. சற்று நேரத்தில் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் வளையமாகின்றன. நுண்புன்குழாய்கள் என்ற கூட்டின் குழாய்ப் பாதைகள் வந்து கூடும் புன்மையத்திகள், உள்ளே இருந்து அந்த வெற்றிடத்துக்கு நகர்ந்து மென்சவ்வை ஒட்டி நிற்கின்றன. நஞ்சு நிறைந்த சிறுமணிகள் நுண்புன்குழாய்கள் வழியே அவற்றைத் தேடி ஓடிவருகின்றன. புன்மையத்தி மென்சவ்வையே தொட்டு நிற்பதை 2006இல் கல உயிரியலாளர் ஜிலியன் கிரிஃபித்ஸ் குழுவினர் காட்டினார்கள். கொன்று முடிந்ததும் அக்டின் மறுபடி நடுவை மூடுகிறது. கலம் அடுத்ததைத் தேடிப் போகிறது.

என் வகுப்பில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஆகவே கொழுந்து மடுவத்தை வரைந்தேன். மலையின் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் கொழுந்து நிறுக்கும் அந்த மடுவத்தில்தான் முடியும். மடுவம் புன்மையத்தி, பாதைகள் நுண்புன்குழாய்கள், கொழுந்துச் சாக்குகள் சிறுமணிகள், லொறி இலக்குக் கலம். ஆனால் இங்கே மடுவமே எழுந்து, பாதைகளையும் இழுத்துக்கொண்டு, லொறி நிற்கும் ரோட்டோரத்துக்குப் போய்விடுகிறது. சாக்குத் தூக்குகிறவர்கள் வழக்கம்போல மடுவத்துக்கே நடக்கிறார்கள், கொழுந்து நேரே லொறியில் ஏறுகிறது.

"எங்கள் மடுவமும் இப்படி எழுந்து மலைக்கு வந்தால் அம்மாவுக்கு நடை மிச்சம், டீச்சர்" என்றாள் அவள். வகுப்பு சிரித்தது, நானும்தான்.

"கொல்கிற கலம் ஏன் சாவதில்லை?" என்று அடுத்ததும் அவளே கேட்டாள். இந்த முறை படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்: அதன் மென்சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் இறுக்கமாக அடுக்கியிருப்பதால் பெர்ஃபோரினுக்கு அங்கே பிடி கிடைப்பது கடினம்.

மறுநாள் கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தேன். புன்மையத்திக்கு மேல் தகரக் கூரை ஒன்று வரைந்திருந்தாள். அதில் சிவப்புப் பேனை வைக்க மனம் வரவில்லை.